காந்தளின் விரல்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வேறு கதையாக இருந்தால் ஆட்டை மாடு என்று சொல்லிவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. இது கொடியைப் பற்றிய கதை. எந்த இலை எந்தக் கொடியுடையது என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால், அந்தத் தப்பு கேட்டவர் வீட்டு அடுப்பில் போய்த்தான் முடியும். அதனால் மெதுவாகவே சொல்கிறேன். சந்தேகம் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊரில் இரண்டு தோட்டங்களுக்கு நடுவே கிளுவைச் செடி நட்டு வளர்த்த ஒரு உயிர்வேலி இருந்தது. கிழக்குத் தோட்டம் பாவாத்தாளுடையது. மேற்குத் தோட்டம் நல்லம்மாளுடையது. இரண்டு பக்கத்துக்கும் காவல் நிற்க வேண்டியிருந்ததால் வேலிக்கு யார் மேலும் நம்பிக்கை வந்ததில்லை. காற்று அசைந்தால்கூட, "யாரது?" என்று கேட்கும்.

ஆடி மழைக்கு அந்த வேலியின் அடியில் ஒரு முளை தலைகாட்டியது.

"யாரது?" என்றது வேலி.

"நான்தாண்ணா. மழைக்கு எந்திரிச்சேன்."

"எந்த ஊரு?"

"இதே மண்ணுதான்."

"இத்தனை நாளா எங்கே இருந்தே?"

"கீழே தூங்கிட்டு இருந்தேன்."

வேலிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மேலே நடந்து வருகிறவர்களைத்தான் வேலியால் தடுக்க முடியும். கீழே தூங்குகிறவர்களை அது என்ன செய்யும்?

"கொஞ்சம் சாஞ்சுக்கறேன், அவ்வளவுதான்" என்றது முளை. "உனக்குப் பாரமே தெரியாது."

வேலிக்குக் கொடிகளைப் பற்றி நன்றாகத் தெரியும். கோவைக்கொடி கணுவிலிருந்து தனியாக ஒரு சுருளை நீட்டிப் பிடிக்கும். அங்கே பல வருடமாக இருந்த காட்டுவள்ளி, தன் தண்டையே வேலியின் மேல் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறும். வள்ளியின் இலை வெற்றிலை போல அகலமாக இருக்கும். புதிதாக வந்தது இரண்டையும் போல இல்லை. அதன் இலை ஒடுங்கி, ஈட்டி போல நீண்டிருந்தது. அந்த இலையின் நுனியே மெலிந்து, சுருண்டு, ஒரு விரலாகி, கிளுவைக் குச்சியைப் பிடித்துக்கொண்டது.

"உன் இலையே விரலா இருக்குதே?" என்று கேட்டது வேலி.

"மரியாதைக்கு விரல் நுனியில பிடிக்கறேண்ணா. சில பேரு மாதிரி உடம்போட கட்டிப்பிடிச்சு உன்னை நசுக்கறது எனக்குப் பழக்கமில்லை."

வேலி வள்ளியைத் திரும்பிப் பார்த்தது. உண்மைதான். வள்ளி கனம். வெயில் விழ விடாது. கிளையை வளைத்துவிடும். அன்றிலிருந்து வேலியின் சந்தேகம் முழுவதும் வள்ளியின் மேல் திரும்பியது. "எதுக்கு இப்படி இறுக்கறே? என்ன உத்தேசம் உனக்கு?" என்று தினமும் அதட்டும்.

"விழுந்துருவேன்னுதான் இறுக்கறேண்ணா" என்று வள்ளி சொல்லும். வேலி நம்பாது.

புரட்டாசியில் புதுக்கொடி பூத்தது. முதலில் பச்சையும் மஞ்சளுமாக விரிந்த இதழ்கள் பிறகு நெளிந்து, மேலே எழுந்து, நெருப்புப் பிடித்ததுபோல் சிவந்தன. அப்போதுதான் அது செங்காந்தள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் கூட வந்த குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"தொடாதே! கண்வலிப்பூ. அத்தனையும் விஷம். கிழங்கைத் தின்னா ஆளே போயிரும்."

ஆட்டுக்காரி ஆட்டை வேலி ஓரம் விடவில்லை. வேலியின் தளிர்கள் அந்த வருடம் கடிபடாமல் பிழைத்தன. வேலிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இருந்தாலும் கேட்டது: "நீ விஷமாமே?"

"நான் எப்போ இல்லைன்னேன்?" என்று காந்தள் சிரித்தது. "எம் முகத்துலயே எழுதி வச்சிருக்குதே. என்னைத் தெரியாதவங்க இந்த ஊர்ல யாரு இருக்காங்க?"

வேலி தன்னையே கேட்டுக்கொண்டது: இவ்வளவு வெளிப்படையாக இருப்பவரை எப்படிச் சந்தேகப்படுவது?

மழை நின்றது. பனி விழுந்தது. பூக்கள் உதிர்ந்தன. காந்தளின் தண்டு காய்ந்து நூலானது. வள்ளியின் தண்டும் காய்ந்து நூலானது. இரண்டும் மண்ணுக்குள் இறங்கிப் படுத்தன.

மண்ணுக்குள் வள்ளிக்குத் தூக்கம் வரவில்லை. எதுவோ விலாவில் இடித்தது.

"தள்ளிப் படு" என்றது வள்ளி.

"எங்கே தள்ளறது? இதுதான் என் முழங்கை" என்றது காந்தள். அதன் கிழங்கு கலப்பை போல மடங்கி, இரண்டு கையாக நீண்டிருந்தது. ஒரு கை வள்ளியின் அடியில் புகுந்திருந்தது.

"ஏன் எங்கிட்ட வந்து படுக்கறே?"

"நீ நல்ல பேரு எடுத்தவ. உன் பக்கத்துல படுத்தா யாரும் எழுப்பிக் கேக்க மாட்டாங்க." காந்தள் கொட்டாவி விட்டது. "இனிமே பாரு. நீயும் பழுப்பு, நானும் பழுப்பு. பூ இல்லை, இலை இல்லை. ஆரு எவருன்னு ஆருக்குத் தெரியப்போவுது?"

வள்ளி மேலே பார்த்துக் கத்தியது. "அண்ணா, இது என்ன சொல்லுது கேட்டியா? பொங்கலுக்கு என்னைத் தோண்ட வருவாங்க. கூட இதுவும் போயிரும். நீ பாவாத்தாகிட்டச் சொல்லு."

"அது என் வேலை இல்லை" என்றது வேலி. "வெளியில இருந்து வர்றதைத் தடுக்கறதுதான் என் வேலை. உள்ளே இருக்கறதைக் காட்டிக்கொடுக்கறது இல்லை. அதுவுமில்லாம உனக்கு ஏன் இத்தனை அக்கறை?"

"எம் பேரைச் சொல்லித்தானேண்ணா தின்பாங்க. செத்தா அவங்க வாயில எம் பேருதான் இருக்கும்."

வெகு நேரம் கழித்து வள்ளி மறுபடியும் சொன்னது: "ஒண்ணும் பேச வேண்டாம். அது உன்னைப் பிடிச்சிருக்குதே, அந்தக் காஞ்ச விரல்ல ஒண்ணையாவது உதிர விடாம வச்சிரு."

வேலி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் காற்று அடித்தபோது ஒரு கிளையை மட்டும் அது அசைக்கவில்லை.

பாவாத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலை மோந்து பார்க்காமல் காய்ச்ச மாட்டாள். போர்வையை உதறாமல் போர்த்த மாட்டாள். ஒரு தடவை நல்லம்மாள் வீட்டு விருந்தில், "பல்லி விழுந்திருச்சு!" என்று கத்தி, குழம்பு முழுவதையும் கொட்டவைத்தாள். கொட்டிய பிறகு பார்த்தால் கருகிய மிளகாய். அன்றிலிருந்து அவள் வாசலில் வந்தாலே, "பல்லி வந்திருச்சு, ஈயச்சட்டியை மூடுங்க" என்று அவள் கணவன் சென்னியப்பனே கேலி பேசுவான்.

அந்தத் தை மாதம் நல்லம்மாளின் மகனுக்குக் கல்யாணமாகி வந்த முதல் பொங்கல். மருமகள் வீட்டார், சம்பந்தி, குழந்தைகள் எல்லாரும் பொங்கலன்று சாப்பிட வருவதாக இருந்தது.

"பாவா, நம்ம வேலிக் கிழங்குன்னா சம்பந்தியம்மா நாலு ஊருக்குச் சொல்லுவாங்க. கொஞ்சம் தோண்டிக் குடு புள்ள" என்றாள் நல்லம்மாள், பொங்கலுக்கு முதல் நாள்.

பாவாத்தாள் மண் தோண்டும் கொத்தை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். காய்ந்த வள்ளித்தண்டு வேலியை முறுக்கியிருந்த இடமாகப் பார்த்து, நேர் கீழே தோண்டினாள். கிழங்குகள் வந்தன. கூடை நிறைந்தது. எல்லாம் மண் அப்பிக் கிடந்தன. அப்படியே கொண்டுபோய் நல்லம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஒத்தாசைக்குப் போனபோது அடுப்பில் புதுப் பானை ஏறியிருந்தது. உள்ளே தண்ணீர் சலசலத்தது. பக்கத்தில் முறம் நிறையக் கிழங்கு. பாவாத்தாள் குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா, எல்லாம் மொழுமொழுன்னு இருக்குது? வள்ளிக்கு மேலெல்லாம் ரோமமாட்ட வேர் இருக்குமே?"

"நான்தான் தேங்கா நார் போட்டுத் தேச்சேன். சம்பந்தி வர்றப்போ மயிரும் மண்ணுமாவா வைக்கறது?" நல்லம்மாளுக்குப் பெருமை.

பாவாத்தாள் ஒரு கிழங்கை எடுத்தாள். "நீ ஆரு?"

"வள்ளி" என்றது அது.

இன்னொன்றை எடுத்தாள். "நீ?"

"அட, என்னைத் தெரியலையாக்கா? நான்தான் உன் வள்ளி. போன வருசம் உன் கையால புளி ஊத்திக் குழம்பு வச்சியே, மறந்துட்டியா?"

அந்தக் கிழங்கு ரொம்ப இனிக்கப் பேசியது. அவளுக்கு அதன் மேல் சந்தேகம் வந்தது. மூன்றாவதை எடுத்தாள்.

"வருசா வருசம் தின்னவதானே நீ? உனக்கே தெரியலைன்னா நான் என்ன சொல்ல?" என்று அது எரிந்து விழுந்தது.

இப்போது அதன் மேலும் சந்தேகம் வந்தது. குற்றமுள்ளதுதானே இப்படிக் கோபிக்கும்? ஆனால் நிஜ வள்ளிக்கும் கோபம் வரலாமே?

முறத்தில் இருந்த எல்லாக் கிழங்கும் ஒன்றாகக் கூவின: "நான் வள்ளி! நான் வள்ளி!"

"பாரு, எல்லாமே வள்ளின்னுதானே சொல்லுது" என்று நல்லம்மாள் சிரித்தாள். "நீயும் கெளம்பிட்ட, உன் பல்லியும் கெளம்பிருச்சு."

"பானையே, நீயாச்சும் சொல்லு" என்றாள் பாவாத்தாள். "வேக வச்சா விஷம் போயிருமா?"

"போடறதை வேக வைப்பேன்" என்றது பானை. "விஷத்தைப் போட்டா வெந்த விஷம் வரும்."

பாவாத்தாள் எழுந்தாள். "அக்கா, கொஞ்சம் பொறு. நான் வர்ற வரைக்கும் உள்ளே போட்டுறாதே."

"சீக்கிரம் வா. வண்டி வர்ற நேரம்."

அவள் வேலிக்கு ஓடினாள். முதல் நாள் மறந்து வைத்துவிட்டுப் போன கொத்து அங்கேயே சாய்ந்திருந்தது.

"ஏய், நேத்து என்ன தோண்டினே?"

"நீ காட்டின இடத்தைத் தோண்டினேன்."

"உள்ளே என்ன இருந்துது?"

"கெழங்கு."

"வேற?"

கொத்து கொஞ்சம் யோசித்தது. "ஒண்ணு மட்டும் முழங்கையாட்ட மடங்கிக் கிடந்துது. கூடையில அடங்காதேன்னு ஒரே போடு போட்டேன். ரெண்டா முறிஞ்சு நேராயிருச்சு. பாக்கறதுக்கு லட்சணமா, மத்ததாட்டவே ஆயிருச்சு. நல்ல வேலைதானே?"

அவள் வேலியைத் தடவித் தடவிப் பார்த்தாள். வள்ளியின் காய்ந்த தண்டு எங்கும் முறுக்கிக் கிடந்தது. இலை ஒன்றும் இல்லை.

"இங்கே காந்தள் இருந்துதே. எந்த இடத்துல?" என்று வேலியைக் கேட்டாள்.

வேலி ஒரு கிளையை அவள் முகத்துக்கு நேரே தாழ்த்தியது. அந்தக் குச்சியில், காய்ந்து சருகான ஒரு நீள இலை தொங்கியது. பூ போய்விட்டது. தண்டு போய்விட்டது. இலையின் நுனி மட்டும் சுருண்டு, குச்சியை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே அவள் தோண்டிய குழி.

அவள் திரும்பி ஓடினாள்.

அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளரிக்காயை அரியும்போது காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயைத் தூர எறிவார்கள். கைக்கே பழகிப்போன காரியம், யோசிக்கவே மாட்டார்கள். பாவாத்தாள் சமையலறைக்குள் நுழைந்தபோது நல்லம்மாள் ஒரு கிழங்கின் நுனியை அரிந்து வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் போய் ஓட்டமும் நடையுமா... கடிச்சுப் பாத்தாத் தெரிஞ்சு போவுது."

பாவாத்தாள் பாய்ந்தாள். ஓங்கி ஒரு அடி. துண்டு பறந்தது. அடித்த கை பானையில் பட்டது. புதுப் பானை அடுப்பிலிருந்து உருண்டு, கொதிதண்ணீரோடு தரையில் விழுந்து உடைந்தது.

"அய்யோ எம் பானை!" என்று நல்லம்மாள் அலறினாள். "முதல் பொங்கலும் அதுவுமா! நீ நல்லா இருப்பியா?"

"அக்கா, வாயில பட்டுதா? நாக்குல பட்டுதா? சொல்லு!"

"படலை. உன் கைதான் பட்டுது."

"வாயைக் கொப்பளி. கையைக் கழுவு. இதுல காந்தள் இருக்குது."

"எது?"

பாவாத்தாள் முறத்தைப் பார்த்தாள். பூவைப் பனி கொண்டுபோயிருந்தது. முழங்கையைக் கொத்து முறித்திருந்தது. ரோமத்தை நார் தேய்த்திருந்தது.

"தெரியலை" என்றாள்.

"தெரியலையா? தெரியாமத்தான் எம் பானையை உடைச்சியா?"

வாசலில் வண்டி வந்து நின்றது. குழந்தைகள் இறங்கும் சத்தம் கேட்டது. பாவாத்தாள் முறத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நல்லம்மாள் வழியை மறித்தாள்.

"நல்லதை மட்டும் பொறுக்கிக் குடுத்துட்டுப் போ."

"பொறுக்கத் தெரிஞ்சா நான் ஏன் ஓடறேன்?" என்று சொல்லி, பாவாத்தாள் கொல்லைப் பக்கமாக வெளியேறினாள். சம்பந்திகள் அன்றைக்கு அரசாணிக்காய்ப் பொரியல் சாப்பிட்டார்கள். சம்பந்தியம்மா, "கெழங்குன்னு சொன்னாங்களே?" என்று கேட்டதும், நல்லம்மாள், "பல்லி தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்று சொன்னதும் ஊர் முழுக்கப் பரவியது.

பாவாத்தாள் கிழங்குகளைக் குப்பைமேட்டில் போடவில்லை. அங்கே ஆடு வரும். வேலி ஓரத்தில் ஆழமாகக் குழி வெட்டினாள். எல்லாவற்றையும் அதில் கொட்டினாள்.

உள்ளிருந்து ஒரு குரல் அழுதது. "நான் என்ன தப்புப் பண்ணினேன்? வருசா வருசம் உங்க வீட்டுக்குத்தானே விளைஞ்சேன்? அந்த விரலை வச்சிருக்கச் சொன்னதே நான்தான்."

பாவாத்தாளின் கை மண்ணைத் தள்ளாமல் நின்றது. பிறகு இன்னொரு குரல், அதே மாதிரி அழுதது. "ஆமாக்கா, நான்தான் சொன்னேன்."

அவள் மண்ணைத் தள்ளி மூடினாள்.

நல்லம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பாள், இந்தப் பக்கம் இவள் நிற்பாள். இருவரும் வேலியை மட்டும் பார்ப்பார்கள். சென்னியப்பன்கூட, "ஒரு பானைக்காகவாவது நீ மிளகா எது, பல்லி எதுன்னு பாத்திருக்கலாம்" என்றான். தான் செய்தது சரிதானா என்று பாவாத்தாளுக்கே சில நாள் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மறுபடி ஆடி வந்தது. மழை பெய்தது. மூடிய குழி முளைத்தது.

நல்லம்மாள்தான் முதலில் பார்த்தாள். வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவளாகவே கூப்பிட்டாள். "பாவா, இங்கே வா புள்ள."

ஒரே குழியிலிருந்து, ஒரு கை அகலத்துக்குள், வெற்றிலை போன்ற இலையோடு சில தண்டுகள் எழுந்திருந்தன. அவற்றுக்கு நடுவே இரண்டு தண்டுகள் ஈட்டி போன்ற இலையோடு நின்றன. அந்த இலைகளின் நுனி, வேலிக்கு எட்டாததால், பக்கத்திலிருந்த வள்ளியையே பிடித்திருந்தது.

நல்லம்மாள் தன் நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஒண்ணு இல்லை, ரெண்டு" என்றாள் மெதுவாக. பிறகு வீட்டுக்குள் போய், கொல்லையில் குவித்து வைத்திருந்த பானை ஓடுகளை அள்ளிக்கொண்டு வந்தாள். "தூக்கிப் போட மனசு வரலை. உன்னைத் திட்டறப்போ காட்டறதுக்குன்னு வச்சிருந்தேன். உனக்கு எதுக்காச்சும் ஆவுமா?"

"இதையெல்லாம் தோண்டி எறிஞ்சிரலாமா?" என்றும் கேட்டாள்.

"வேண்டாங்க்கா. தோண்டினா முறியும். முறிஞ்சா முகம் மாறிரும்."

பாவாத்தாள் புதிதாகக் கிழங்கு வாங்கி, வேலியைவிட்டு எட்டத்தில், கிணற்று மேட்டில், தனிக்கொம்பு ஒன்று நட்டு வள்ளியை ஏற்றினாள். வேலியில் எது காய்ந்து தொங்கினாலும் இனி அதன் கீழே கொத்து வைப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

புரட்டாசியில் காந்தள் பழையபடி பற்றி எரிவதுபோல் பூத்தது. வழியில் போனவர்கள் பழையபடி குழந்தைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். பாவாத்தாள் பானை ஓடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொண்டுவந்து, ஒவ்வொரு காந்தளின் அடியிலும் ஆழமாக ஊன்றினாள்.

"இது எதுக்கு?" என்று வேலி சந்தேகத்தோடு கேட்டது. "இவ்வளவு பெருசாப் பூத்திருக்குது. ஊருக்கே தெரியுதே!"

"அதான் இப்பவே நடறேன்" என்று சொல்லி, அவள் அடுத்த ஓட்டுத் துண்டை ஊன்றினாள்.